மருத்துவத் துறைப் படிப்பில் சேர விரும்பும் கடலோரப் பிள்ளைகளுக்கு: பிளஸ் ஒன் முதல் பதிவு எண் வரை

விசைப்படகில் வலை இழுக்கையில், கயிற்றைச் சுற்றி இழுக்கும் எந்திரமான வின்ச்சில் கை சிக்கிய ஒருவரை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 108 வண்டியிலேயே இரத்தப்போக்கை அடக்கிக் கொண்டுவருபவர் அவசரகால மருத்துவ உதவியாளர். எலும்பு எங்கே நொறுங்கியிருக்கிறது என்று படம் எடுத்துத் தருபவர் கதிர்ப்பட நுட்புநர். ஏற்ற வேண்டிய இரத்தம் ஒத்துப்போகுமா என்று பொருத்திப் பார்ப்பவர் ஆய்வக நுட்புநர். மயக்க மருந்துக் கருவியைச் சரிபார்த்து அறுவை அரங்கை ஆயத்தமாக வைப்பவர் அரங்க நுட்புநர். அறுவை முடிந்தபின் விடிய விடிய விரல் நுனியின் நிறத்தையும் சூட்டையும் தொட்டுப் பார்த்துக் குறித்துவைப்பவர் செவிலியர். மருந்தின் அளவைச் சரிபார்த்துக் கொடுப்பவர் மருந்தாளுநர். சில வாரங்கள் கழித்து அந்தக் கை மீண்டும் கயிற்றைப் பிடிக்கப் பயிற்சி தருபவர் இயன்முறை மருத்துவர். அறுவை செய்த மருத்துவரோடு சேர்த்து இத்தனை பேரும் படித்துப் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள். ஆயினும் இராமேசுவரத்திலிருந்து தொண்டி வரைக்கும், பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது ஒரே வரிதான்: "நீட் கிடைத்தால் டாக்டர், இல்லையென்றால் நர்சிங்." அந்த ஒரு வரியைத் தாண்டி யோசிக்க விரும்பும் மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு படிப்பை

படிப்பின் பெயரை வைத்துத் தேர்வு செய்வதைவிட, அந்தப் படிப்பு முடித்தவர் காலை எட்டு மணி முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை நேரில் பார்த்துத் தேர்வு செய்வதே சரி. ஆய்வக நுட்புநர் நோயாளியோடு அதிகம் பேசுவதில்லை. மாதிரிகளோடும் கருவிகளோடும் இருக்கிறார். செவிலியர் நாள் முழுதும் மனிதர்களோடு இருக்கிறார். இரவுப் பணியும் உண்டு. இயன்முறை மருத்துவர் ஒரே நோயாளியை மாதக்கணக்கில் பார்க்கிறார்; முன்னேற்றம் மிக மெதுவாகத்தான் தெரியும். டயாலிசிஸ் நுட்புநர் வாரம் இரண்டு மூன்று முறை அதே முகங்களையே பார்க்கிறார். உங்கள் சுபாவம் எதற்குப் பொருந்தும் என்பதை உறவினரோ தெரிந்தவரோ யாராவது பணிபுரியும் இடத்தில் சில மணி நேரம் இருந்து பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும்.

நமது கரைக்கே உரிய தேவைகளும் இந்தத் தேர்வில் கணக்கில் வரவேண்டும். சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கால்களுக்குத் தகடு கட்டிக்கொண்டு, பாறைகளுக்கிடையே மூழ்கி மூழ்கி எழுகிறார்கள். முதுகு வலியையும் ஆறாத கீறல்களையும் அவர்கள் நோய் என்றே எண்ணுவதில்லை. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்குச் செவிப்பறை சேதமாவது தொழிலோடு வரும் ஆபத்து; செவித்திறன் மற்றும் பேச்சு மொழி நோய்க்குறியியல் என்ற பட்டப்படிப்பு ஒன்று இருப்பதையும், அதை முடித்தவர்களை இந்திய மறுவாழ்வுக் குழுமம் பதிவு செய்கிறது என்பதையும் நம் பள்ளிகளில் சொல்பவர்கள் குறைவு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் உயிரிழந்ததை நம் இராமநாதபுரம் மாவட்டம் மறந்திருக்காது. மனநலச் செவிலியம், மனநலச் சமூகப்பணி, மருத்துவ உளவியல் ஆகிய துறைகளுக்கு இங்கிருந்து பிள்ளைகள் போகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கால அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். செவிலியப் பட்டயம் மூன்று ஆண்டுகள். மருந்தாளுநர் படிப்புகளில் பி.ஃபார்ம். நான்கு ஆண்டுகள், டி.ஃபார்ம். இரண்டு ஆண்டுகள், ஃபார்ம்.டி. ஆறு ஆண்டுகள். ஆய்வகம், கதிர்ப்படம், டயாலிசிஸ், இதய நுட்பம், அறுவை அரங்கம் போன்ற பி.எஸ்சி. படிப்புகள் உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள் பிடிக்கும். சித்த மருத்துவப் பட்டம் எம்.பி.பி.எஸ். போலவே நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது.

பிளஸ் ஒன்னில் எடுக்கும் பிரிவு

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் அல்லது உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் இருந்தால் ஏறக்குறைய எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும். கணினி அறிவியல் பிரிவை எடுத்தவர் பின்னால் மனம் மாறினால் நர்சிங்கும் ஆய்வகமும் மூடிவிடும். ஆனால் உயிரியலுக்குப் பதில் கணிதம் படித்தவர்களுக்கும் பி.ஃபார்ம்., டி.ஃபார்ம். ஆகியவற்றில் இடமுண்டு என்பது பலருக்குத் தெரியாத செய்தி. உங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் பிரிவே இல்லையென்றால், பத்தாம் வகுப்பு முடிந்த உடனேயே பக்கத்துப் பெரிய ஊர்ப் பள்ளிக்கு மாறுவதைப் பற்றி வீட்டில் பேசுங்கள். பிளஸ் டூவில் பேசிப் பயனில்லை.

சேர்க்கை எந்த வழியில்

எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகியவற்றுக்கு நீட் கட்டாயம். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. அதில் இடம் பெறுபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நம் மாவட்டத்திலேயே 2022 ஜனவரியில் 100 எம்.பி.பி.எஸ். இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது; அதே ஆண்டில் மதுரை எய்ம்ஸ் நிறுவனத்தின் முதல் 50 மாணவர்களும் அங்கேயே தற்காலிகமாக வகுப்பைத் தொடங்கினார்கள்.

நர்சிங், பி.ஃபார்ம். மற்றும் மருத்துவம் சார்ந்த பி.எஸ்சி. படிப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணின் அடிப்படையில், மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்தி இடம் ஒதுக்கிவந்திருக்கிறது. நர்சிங்குக்கு மதுரை, சிவகங்கை அரசுக் கல்லூரிகளும், பி.ஃபார்முக்கு மதுரை மருத்துவக் கல்லூரியும் நமக்கு அருகில் இருப்பவை. 2021-ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் கீழ்ப் பாடத்திட்டங்களும் சேர்க்கை விதிகளும், முக்கியமாக இயன்முறை மருத்துவத்தில், மாறிக்கொண்டே வருகின்றன. ஆகவே அக்காவோ அண்ணனோ சேர்ந்தபோது இருந்த விதியை நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை நிரப்பும்போது, நமக்குக் கிடைக்குமா என்று நாமே முடிவு செய்து நல்ல கல்லூரிகளை விட்டுவிடுவது பரவலாக நடக்கும் தவறு. உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் வைத்து, விருப்பம் குறையக் குறைய வரிசைப்படுத்தி, பட்டியலை நீளமாகவே கொடுங்கள். நீளமாகக் கொடுத்ததனால் யாரும் இடம் இழப்பதில்லை. ஆனால் எந்நிலையிலும் சேர விரும்பாத கல்லூரியை மட்டும் எழுதாதீர்கள்.

சான்றிதழ்கள்: தை மாதத்திலேயே தொடங்குங்கள்

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பிளஸ் டூ முடிவு வருவதும், விண்ணப்பங்கள் தொடங்குவதும் பெரும்பாலும் அதே காலத்தையொட்டித்தான். வருமானம் நின்றுபோன வீட்டில் விண்ணப்பக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் திண்டாட்டம் வரும். பெரிய செலவில்லாமல் முன்கூட்டியே முடிக்கக்கூடியது சான்றிதழ் வேலை. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் பொங்கல் முடிந்தவுடனேயே விண்ணப்பித்துவிட்டால், மே மாத நெருக்கடியில் அங்கே வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் தலைமை ஆசிரியரிடம் அப்போதே கேட்டு வாங்குங்கள்; இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போகவேண்டியிருக்கும்.

சாதிச் சான்றில் ஒரு சிறு பிழை இருந்தாலும் இழப்பு பெரிது. மாநிலத்தின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியலினத்தாருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று பிரிவு இருக்கிறது. சான்றில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறதோ அதன்படிதான் தரவரிசை.

இதைவிடப் பெரிய தொல்லை பெயரில் வரும். பள்ளிப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் இன்னொன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் மட்டும், தகப்பனார் பெயரின் முதலெழுத்து மற்றொன்றில் இல்லை என்று நம் கரையோர வீடுகளில் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதேயில்லை. முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமும் ஒரே வீட்டில் இருக்கும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளி அனுப்புவதற்கு முன் ஆதாரையும் பள்ளிப் பதிவையும் ஒன்றாக்கிவிடுங்கள். பின்னாளில் பதிவுக் குழுமத்திலும், கடவுச்சீட்டிலும், வளைகுடா வேலைக்கான சரிபார்ப்பிலும் இதே பெயர்தான் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்கப்படும்.

கல்லூரியைச் சோதிப்பது எப்படி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். பேருந்து நிலையச் சுவர்களிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் "ஓராண்டில் நர்ஸ் ஆகலாம், நூறு சதவீதம் வேலை உறுதி" என்று அழைக்கும் நிறுவனங்கள் எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. வெள்ளைச் சீருடையும், சேர்க்கை நாளில் மாலையும், ஆண்டு இறுதியில் பளபளப்பான ஒரு சான்றிதழும் தருவார்கள். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர்கள் மற்றும் தாதியர்கள் குழுமத்துக்குப் போனால் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாதவரை அரசு வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் செவிலியராக ஏற்பதில்லை. தனியார் மருத்துவமனைகளில் உதவியாளர் சம்பளத்தில் செவிலியரின் பொறுப்பைச் சுமக்கவேண்டிவரும். ஏமாற்றப்பட்டது தெரியும்போது பிள்ளைக்கு இருபது வயதாகியிருக்கும், வீட்டில் நகை அடகில் இருக்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? தமிழ்நாட்டில் இப்படிப்புகளைப் பெரும்பாலும் சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வழங்குகின்றன. கல்லூரியின் பெயர் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்த ஆண்டுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். படித்து முடித்தவரை எந்தக் குழுமம் பதிவு செய்யும்? செவிலியருக்குச் செவிலியர் குழுமம், மருந்தாளுநருக்கு மருந்தியல் குழுமம் என்று தெளிவான பதில் வரவேண்டும். "எல்லாவற்றுக்கும் செல்லும்" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில்? இதற்குப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் போய் உட்காருங்கள். அங்கே கூட்டம் இல்லையென்றால் உங்கள் பிள்ளை நான்கு ஆண்டுகளும் ரப்பர் பொம்மையில்தான் ஊசி போடப் பழகவேண்டும். கண்ணாடி முகப்பும் குளிர்சாதன வகுப்பறையும் உள்ள கல்லூரியைவிட, பழைய கட்டடமும் நெரிசலான வார்டும் உள்ள அரசுக் கல்லூரியையே நான் எப்போதும் முதலில் சொல்வேன்.

அஞ்சல் வழியிலோ இணையவழியிலோ இப்படிப்புகளைத் தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சுகாதாரப் படிப்புகளையும், அவற்றோடு உளவியலையும் தொலைநிலையில் நடத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் நிறுத்தியிருக்கிறது. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே குழு 2018-இல் அறிவித்தது. சரிபார்த்தவுடன் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம்

கலந்தாய்வு வழியே இடம் பெற்றவருக்கு முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, சாதிவாரியான கல்வி உதவித்தொகைகள், மீனவர் நல வாரிய உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கான உதவி ஆகியவை தகுதிக்கேற்ப உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்விக் கடன் வேண்டுமென்றால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. தரகர் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடிக்கக் கந்துவட்டிக்கு வாங்குவதைவிட ஓராண்டு காத்திருப்பது மேல்.

முதல் ஆண்டைக் கடப்பது

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் மாதத்தில் மிரண்டுபோவது உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றிலும்தான். பாடம் கடினம் என்பதைவிட, பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதே அவர்களுடைய சிக்கல். இதற்கு மனப்பாடம் தீர்வாகாது. வகுப்பில் கேட்டதை அன்றிரவே தமிழில் உங்களுக்கு நீங்களே விளக்கிச் சொல்லிப் பாருங்கள். விளங்கியபின் அதே செய்தியை ஆங்கிலத்தில் ஐந்து வரியில் எழுதுங்கள். ஒரு படம் வரைந்து பாகங்களைக் குறியுங்கள். எழுத்துத் தேர்வில் தெளிவான படமும் குறுகிய வாக்கியங்களும் உள்ள விடைத்தாளுக்கு மதிப்பு உண்டு. வாய்மொழித் தேர்வுக்காகத் தினமும் ஒரு பக்கத்தை உரக்கப் படித்து நாக்கைப் பழக்குங்கள். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. ஒன்றின் மதிப்பெண் மற்றொன்றைக் காப்பாற்றாது.

கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடங்களில் சில இடங்கள் மற்றவர்களைவிட எளிதாகப் பிடிபடும். திருக்கை முள் குத்திய காலை, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது. ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்தப் புரதத்தின் வடிவம் குலைந்து, வலி தணிகிறது. உயிர்வேதியியலில் புரதம் இயல்பிழத்தல் (denaturation) என்ற பாடம் வரும்போது இது உங்களுக்குத் தானே நினைவுக்கு வரும். அதுபோல, பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்காகிறது. நடுச்செவிக்குள் இருக்கும் காற்று சுருங்க, செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. சங்கு குளிப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை உந்துவது, தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழாயைத் திறந்து அந்த அழுத்தத்தைச் சமன் செய்வதற்காகவே. பெரியப்பாவும் மாமாவும் பேசிக் கேட்டவற்றை வகுப்பில் சொல்ல வெட்கப்படாதீர்கள். நல்ல ஆசிரியர் அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குவார்.

வருகைப் பதிவில் கவனம் வேண்டும். நர்சிங்கில் தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை தேவை. பட்டம் பெறுவதற்கு முன் மருத்துவமனைப் பயிற்சி ஒவ்வொன்றிலும் 100 விழுக்காடு நிறைவு செய்திருக்க வேண்டும். விடுப்பு எடுத்த நாளை எப்படியும் திரும்பச் செய்தே தீர வேண்டும் என்பதால், ஊர்த் திருவிழாவுக்கும் கொடியேற்றத்துக்கும் எத்தனை நாள் போவது என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே வீட்டில் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வார்டுக்குள் போகும்போது

மருத்துவமனைப் பயிற்சி தொடங்குவதற்கு முன் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என்பதால் கல்லூரியில் சேர்ந்த வாரமே தொடங்கினால்தான் சரியாக இருக்கும். ஊசி கையில் குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, திட்டு விழுமே என்று மறைக்காமல் உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது.

கழிவுகளைப் போடும் நிறங்கள் முதல் நாளே மனத்தில் பதிய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டும் மஞ்சள் பைக்கு. குழாய், சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் சிவப்புக்கு. ஊசியும் கத்தியும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு. உடைந்த மருந்துக் கண்ணாடி நீலத்துக்கு. இதைத் தவறாகப் போட்டால் காயம்படுபவர் பெரும்பாலும் பையைத் தூக்கும் துப்புரவுப் பணியாளர்தான்.

காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு அறுவை அரங்குக்குள் போகாதீர்கள். முதல் அறுவையைப் பார்த்து மயங்கி விழுவது இந்த வேலைக்குத் தகுதியின்மைக்கு அடையாளமாகாது; பெரும்பாலும் வெறும் வயிறும் நீண்ட நேரம் நின்றதுமே காரணம். தலை சுற்றினால் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிடுங்கள், கருவி மேசைப் பக்கம் சாயாதீர்கள்.

பட்டம் வாங்கியபின்

தேர்ச்சிச் சான்று கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை உங்கள் தொழிலுக்குரிய குழுமத்தில் பதிவு செய்வது. வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள், அறிவிப்பு வரும்போது பதிவு எண் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிறார்கள். மாநில அரசுப் பணிகளுக்கு 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிடுகிறது. எய்ம்ஸ் செவிலியர் பணிகளுக்குத் தனியாகப் பொதுத் தேர்வு நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் நோய்த்தணிப்புச் செவிலியர்களும் வீடு தேடிப் போகிறார்கள். சொந்த ஊர்ப் பக்கமே இருக்க விரும்புபவர்கள் இத்தகைய பணிகளைக் கவனித்துவர வேண்டும்.

வளைகுடா போவதே நோக்கம் என்றால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டாண்டு மருத்துவமனை அனுபவம், சான்றிதழ்களை அவற்றை வழங்கிய இடத்திலேயே கேட்டுச் சரிபார்த்தல், அந்த நாட்டின் உரிமத் தேர்வு, பதிவு நல்ல நிலையில் இருப்பதாக நம் குழுமம் தரும் நன்னிலைச் சான்று ஆகியவற்றைக் கேட்கிறார்கள். வளைகுடா நாடுகள் உட்பட, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியர்களைத் தனியார் முகவர்கள் அனுப்புவதை மத்திய அரசு 2015-இல் தடுத்து, அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடம் உள்ளது. முகவர் எவராவது வீட்டுக்கு வந்து முன்பணம் கேட்டால், அவர் பெயரையும் அவர் சொல்லும் மருத்துவமனையின் பெயரையும் குறித்துக்கொண்டு முதலில் அந்த நிறுவனத்திடம் விசாரியுங்கள். கடவுச்சீட்டையும் மூலச் சான்றிதழ்களையும் எவரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும்.